தரையில் தேங்கும் வாயு: கடலோர வாடகை வீட்டின் அடுப்படி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அடுப்படியில் நின்று முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள். பிறகு குழாயைத் திருகி, வருவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். தொண்டி, தங்கச்சிமடம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டும் தவறாமல் நடக்கும். மூன்றாவதாகக் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பது அதே கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் குடியேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அடுப்படியில் ஜன்னல் பெரியது. ஆனால் தரையைக் கழுவிய தண்ணீர் கொல்லைப்பக்கம் போவதற்கு இருந்த ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். "எலியும் நண்டும் வருதுன்னுதான் அடைச்சேன் தம்பி" என்றார் வீட்டுக்காரர். எலிக்கும் நண்டுக்கும் உள்ளே வருகிற வழியாக இருந்த அந்த ஓட்டைதான், கசிந்த எரிவாயு வெளியே போவதற்கு அந்த அறையில் இருந்த ஒரே தாழ்ந்த வழி.

சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. வெளிக்காற்றின் அழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தி அடைத்திருப்பதால்தான் 14.2 கிலோவும் உள்ளே பெரும்பாலும் திரவமாகக் கிடக்கிறது. அந்தத் திரவம் ஒரு லிட்டர் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றோடு ஒப்பிட்டால் புரோப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. ஆகவே கசிந்த வாயு புகையைப் போல மேலே ஏறி ஜன்னல் வழியாகப் போய்விடாது. சிந்திய எண்ணெய் தரையில் பரவுவதைப் போல, தாழ்ந்த இடம் தேடி நகர்ந்து, மூலையிலும் மேடைக்கு அடியிலும் தேங்கும்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். காற்றில் இந்த வாயு ஏறக்குறைய 2 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் பற்றும். 8 அடிக்கு 8 அடி உள்ள அடுப்படியின் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்கும் காற்று சுமார் 1,800 லிட்டர். அதில் 2 சதவீதம் என்றால் 36 லிட்டர் வாயு. எடையில் இது 75 கிராம் அளவுதான், அதாவது முழு சிலிண்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் தீ இல்லாமல் அரை மணி நேரம் திறந்து கிடந்தால் அந்த அளவு வெளியேறிவிடும். நிஜத்தில் காற்றோட்டம் இதை மாற்றும், வாயுவும் ஒரே சீராகப் பரவாது. இருந்தாலும் சிலிண்டரே காலியாகும் அளவுக்குக் கசிந்தால்தான் விபத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த 75 கிராமைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறிய வாடகை வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்படியிலேயே இருக்கும். அதன் கம்ப்ரசரும், அதை இயக்கி நிறுத்தும் ரிலேயும் பின்பக்கம் தரையை ஒட்டி இருப்பவை. ரிலே இயங்கும்போது நம் கண்ணுக்குப் படாத சிறு பொறி எழக்கூடும், அதுவும் வாயு தேங்கும் அதே உயரத்தில். கசிவை எச்சரிப்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருக்கும் மூக்கு சற்று நேரத்தில் அதை உணராமல் போய்விடும். அடுப்படிக்குள்ளேயே இருப்பவருக்குத் தெரியாத வாடை வெளியிலிருந்து வருபவருக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிடுவது இதனால்தான்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இந்தக் கரையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பது எளிதல்ல. மணல் சோற்றில் விழும், தீ அணையும். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான அடுப்புகளில், தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு கிடையாது. பால் பொங்கி அணைந்தால் கருகல் வாசனையாவது வரும். காற்றில் அணைந்தால் ஒரு அறிகுறியும் இருக்காது. சிறு தீயில் எதையாவது வைத்துவிட்டு வாசலில் பேச நிற்பது மற்ற மாதங்களைவிட இந்த மாதங்களில் கெட்ட பழக்கம்.

தீயின் நிறத்திலும் இந்த ஊருக்கென்று ஒரு குழப்பம் உண்டு. ஊசித்துளை அளவுள்ள ஜெட்டிலிருந்து வேகமாகப் பாயும் வாயு, பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றை இழுத்துக் கலந்துகொண்டுதான் பர்னருக்கு வருகிறது. காற்று போதுமானால் தீ நீலம். துருவோ தூசியோ சிலந்திவலையோ திறப்பை மறித்தால் எரிதல் அரைகுறையாகி, கரித்துகள் ஒளிர்வதால் தீ மஞ்சளாகும், நாற்றமில்லாத கார்பன் மோனாக்சைடும் கூடும். அதனால் மஞ்சள் தீ கெட்ட தீ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து இங்கே காற்றில் உப்பாக மிதக்கின்றன, அந்த உப்பில் சோடியம் இருக்கிறது, சோடியம் தீயில் பட்டால் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சளாக ஒளிரும். நன்றாக எரியும் அடுப்பிலும் கடற்காற்று புகும்போது ஆரஞ்சு நிறம் விட்டுவிட்டு மின்னுவதைப் பார்க்கலாம். எது எது என்பதைப் பாத்திரத்தின் அடியே சொல்லிவிடும்: உப்பு மஞ்சள் கரி பிடிக்காது; காற்றுக் குறைந்த மஞ்சள் நேற்றுத் தேய்த்த சட்டியை இன்று கறுக்க வைக்கும். கறுத்தால் பர்னரைக் கழற்றித் துலக்க வேண்டும். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அந்தக் காற்றுக் குறைபாடும் பெரிதாகும்.

உப்பு சிலிண்டரையும் விடுவதில்லை. திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள இரும்பிலிருந்து எடுத்துக்கொள்வதால், நீண்ட நேரம் சமைத்தால் திரவம் உள்ள மட்டம் வரை சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும். அந்த வியர்வை கீழே வடிந்து அடிவளையத்தில் தங்கும். அதோடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்து, இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக நிற்கும். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் துருவோடு போராட்டமாக இருந்ததும் இந்த வேதியியலால்தான். சிலிண்டரை மரக்கட்டையின் மேல் வைத்து, உப்புத் தண்ணீரால் தரை கழுவும்போது நகர்த்திவிடுவது போதும். புது சிலிண்டர் வந்ததும், மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்: பி-27 என்றிருந்தால் அடுத்த பரிசோதனை 2027 ஜூன் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகளும் ஆண்டின் நான்கு காலாண்டுகள். துரு தின்று எழுத்தே தெரியாத சிலிண்டரைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டியூபைப் பயன்படுத்துவது வாடகை வீடுகளில் நடக்கும் சிக்கனம். கம்பி வலை பொதிந்த ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. மேலே அச்சிட்ட ஆண்டைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை, ஆனால் நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் அதைச் செய்தால் ஏமாந்துபோவோம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும், நுரை வராது, கசிவு இருந்தாலும் குமிழி தெரியாது. குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் அரை டம்ளரை இதற்குச் செலவழிப்பதை வீண் என்று நான் நினைக்கவில்லை.

வீடு மாறும்போது எரிவாயு இணைப்பின் முகவரியையும் மாற்றிவிட வேண்டும். விபத்தில் ஏற்படும் பொருட்சேதத்துக்கான காப்பீடு, பதிவு செய்த முகவரியில் உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும்.

வாடை வந்துவிட்டால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; இரண்டிலும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும்.

மண்டபத்து வீட்டில் நான் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னபோது வீட்டுக்காரர் 75 கிராமைக் கேட்டு மசியவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டிய பிறகு, சிமெண்டைக் கொத்தி, தரைமட்டத்தில் ஒரு செங்கல்லையும் சேர்த்து உருவச் சம்மதித்தார். அந்தத் திறப்பு மூடிய சாக்கடைக்குள் போகாமல் வெட்டவெளிக் கொல்லையில் முடிகிறதா என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். இரும்பு வலை இங்கே சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் நண்டுக்கும் எலிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜாலி வைத்தோம். அதற்கான செலவை அந்த மாத வாடகையில் கழித்துக்கொண்டேன்.