ஸ்டேக்ஹோல்டர் வேறு, பங்குதாரர் வேறு

நெல்லை வண்ணார்பேட்டை ஓட்டல் அரங்கிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் வரை, நாலு தரப்பை உட்காரவைத்துப் பேசும் கூட்டம் என்றால் பேனரில் ‘பங்குதாரர்கள் கலந்தாய்வு’ என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு வேலையோடு தொடர்புள்ள, அதனால் பாதிக்கப்படக்கூடிய எல்லோரையும் குறிக்கும் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர்கள் போடும் தமிழ் அது. உள்ளே இருப்பவர்கள் யார்? குளத்து ஆயக்கட்டுக்காரர், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், பஞ்சாயத்துத் தலைவர், நீர்வளத் துறைப் பொறியாளர். ஒருவர் கையிலும் பங்குப் பத்திரம் கிடையாது. ‘எனக்கும் இதுக்கும் என்னவே பங்கு?’ என்று அவர்களில் ஒருவர் கேட்டால் மொழிபெயர்த்தவரிடம் பதில் இருக்காது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டேக் என்றால் பந்தயப் பணம். இருவர் பந்தயம் கட்டும்போது, முடிவு தெரியும்வரை அந்தப் பணத்தை வாங்கி வைத்திருக்கும் மூன்றாவது ஆளைத்தான் முதலில் ஸ்டேக்ஹோல்டர் என்றார்கள். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பந்தய முடிவுக்காக ஒருவரிடம் ஒப்படைத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறதே, அந்த ‘ஒருவர்’ இவர்தான். இன்றைய பொருள் 1963இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் குறிப்பு ஒன்றில் வருகிறது. 1984இல் வந்த புத்தகத்தின் மூலம் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் அதை மேலாண்மைப் பாடமாக்கினார். பங்கு வைத்திருப்பவரைக் குறிக்கும் ஸ்டாக்ஹோல்டர் என்ற சொல்லோடு ஓசை ஒத்துவரும்படி, அதற்கு எதிராக நிறுத்திய சொல் இது. கம்பெனி பங்குதாரருக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், கடன் கொடுத்தவர், ஊர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதுதான் வாதம்.

ஆக, ‘பங்குதாரர் மட்டும் இல்லை’ என்று சொல்வதற்காகவே எடுத்துவந்த சொல்லைத் தமிழில் ‘பங்குதாரர்’ என்று எழுதுகிறோம். ‘பங்குதாரர்களின் நலனை விடப் பங்குதாரர்களின் நலனே முக்கியம்’ என்று வாக்கியம் வந்து நிற்கும்போதுகூடச் சிலருக்கு உறைப்பதில்லை.

சட்டத்திலும் இடிக்கும். கூட்டாகத் தொழில் நடத்தும் பார்ட்னரையும் பங்குதாரர் என்றுதான் சொல்கிறோம். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு. டவுன் ரதவீதியில் பத்திரம் எழுதுபவரைக் கேட்டாலே சொல்வார், அந்தச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று. ஆலைச் சுவரை ஒட்டி வீடு கட்டியிருப்பவர் பங்குதாரர் என்றால் ஆலையின் கடனையும் சேர்த்து அடைப்பாரா?

ஒரே ஒரு விலக்கு உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் 178(5)ஆம் பிரிவில் வரும் ஸ்டேக்ஹோல்டர் குழு. பங்கு, கடன்பத்திரம், வைப்புத்தொகை முதலியவை வைத்திருப்போர் 1,000 பேருக்கு மேல் போனால் அமைக்க வேண்டிய குழு அது. அவர்களின் குறைகளைக் கவனிப்பதே அதன் வேலை. அங்கேகூட ‘முதலீட்டாளர் உறவுக் குழு’ என்பதுதான் பொருந்தும், கடன்பத்திரக்காரர் பங்குதாரர் ஆகமாட்டார் என்பதால்.

பங்குதாரரை விட்டவர்கள் ‘பங்காளர்’ என்கிறார்கள். நம் பக்கத்தில் பங்காளி என்றால் சொத்தில் பாகம் கேட்பவர், வரப்புக்கு வரப்பு வழக்குப் போடுபவர், சாவுத் தீட்டு காப்பவர். ‘ஆளர்’ போட்டு மரியாதை கூட்டினாலும் அந்த வாடை போகாது. ‘பங்கேற்பாளர்’ என்றால் கூட்டத்துக்கு வந்து காபி குடித்தவர். வராதவருக்கும் பாதிப்பு உண்டே. ‘ஆர்வலர்’ என்றால் பறவை பார்க்கப் போகிறவர். ‘பயனாளி’ இருப்பதிலேயே மோசம், நட்டப்படுபவரை மறைத்துவிடும். பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயில் ஏதாவது வேலை என்றால் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் கிடைக்கும், கடைமடைக்காரருக்குப் பயிர் காயலாம், கரையில் குடியிருப்பவருக்கு வீடே போகலாம். மூவரும் பயனாளிகளா?

சம்பந்தப்பட்டவர்கள் என்ற சொல் எல்லோருக்கும் புரியும், ஆனால் போலீஸ் செய்தி மாதிரி தொனிக்கும். என் தேர்வு ‘தொடர்புடைய தரப்பினர்’. தரப்பு அரபியிலிருந்து உருது வழி வந்தது என்று தூய தமிழ்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பங்குதாரரில் உள்ள ‘தார்’ பாரசீகம்தான். அதை இத்தனை நாள் சகித்தவர்கள் இதையும் சகிக்கலாம். லாப நட்டத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பாதிப்புக்கு உள்ளாகும் தரப்பினர்’. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னதாக வட்டார மொழிப் பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும். அதில் ‘பங்குதாரர்’ என்று அச்சடித்தால் வர வேண்டியவர் தனக்கில்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுவார். அங்கே பொதுச்சொல்லே வேண்டாம்: ‘கால்வாய்க் கரையில் குடியிருப்போர், ஆயக்கட்டு விவசாயிகள், மீன்பாசிக் குத்தகைதாரர்’ என்று ஆளைச் சொல்லிவிடலாம். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லோடு நின்றாலும் பரவாயில்லை. ‘நாளின் முடிவில்’, ‘முன்னோக்கிச் செல்கையில்’, ‘தாழ்வாகத் தொங்கும் பழம்’ என்று அலுவலக மின்னஞ்சல் தமிழில் ஒரு பக்கம். ‘மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு’ என்று பழைய தாலுகா கச்சேரித் தமிழ் இன்னொரு பக்கம். ‘கடைசியில்’, ‘இனிமேல்’, ‘சுலபமாக முடிகிற வேலை’, ‘இது பற்றி’ என்று எழுதினால் யார் சம்பளத்தைப் பிடிக்கப்போகிறார்கள்?