டிப்ளோமா: மடித்த தகடும் செப்புப் பட்டயமும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு பிள்ளை ஏ.எல். பாஸ் பண்ணினாள். அந்தக் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் அவள்தான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. ஒருநாள் பின்னேரம் பளபளப்பான துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வியர்வையில் ஓரம் ஊறியிருந்தது. ஆறு மாத டிப்ளோமா, காசைத் தவணையாகக் கட்டலாம்.

"டீச்சர், டிப்ளோமான்னா டிகிரிதானே?"

இல்லை. ஆனால் அதைச் சொல்லும் ஒரு வரி அந்தத் தாளில் எங்குமே இல்லை.

டிப்ளோமா என்பது கிரேக்கச் சொல். 'இரண்டாக மடித்தது' என்று பொருள். உரோமப் பேரரசில் துணைப்படை வீரன் ஒருவன் 25 வருடம் சேவை முடித்தால் குடியுரிமை கிடைக்கும். அதற்குச் சான்றாக அவன் கையில் இருந்தது இரண்டு வெண்கலத் தகடுகள், ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகள் முத்திரை வைத்தவை. ஆய்வாளர்கள் அவற்றையும் டிப்ளோமா என்றே சொல்கிறார்கள். ஒரே வாசகம் வெளியிலும் இருக்கும், உள்ளேயும் இருக்கும். சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். சரிபார்க்க முடிந்ததால்தான் அந்தத் தகட்டுக்கு மதிப்பு.

தமிழில் இதற்குப் பட்டயம் என்று சொல்லலாம். அரசர்கள் கொடையைச் செம்பில் வெட்டிக் கொடுத்த செப்புப் பட்டயம் நமக்குத் தெரிந்ததுதான். அங்கே வெண்கலம், இங்கே செம்பு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தமிழ்நாட்டில் பட்டயப் படிப்பு என்பது சாதாரண வழக்கு. இங்கே இலங்கையில் அரசாங்கத் தாள்களில் 'உயர் தேசிய டிப்ளோமா' என்றுதான் வரும். அதனால் பட்டயம் என்று மட்டும் எழுதினால் பிள்ளைக்கு விண்ணப்பத்தில் அந்த இடம் பிடிபடாது. அதோடு, பட்டமும் பட்டயமும் காதில் ஒன்றுபோலவே விழும். என்னைக் கேட்டால் இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதி, பக்கத்தில் படிப்பின் மட்டத்தையும் போட வேண்டும்.

அந்த மட்டம்தான் முக்கியம். நம் நாட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) முறையில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 தேசிய டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 தான் பட்டத்துக்குச் சமம். மட்டமே போடாத டிப்ளோமா என்றால், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இப்படியான படிப்புகளை இங்கே அரசாங்க நிறுவனங்களும் நடத்துகின்றன. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கியது. மட்டக்குளியில் உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. அங்கே முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் அந்த அப்பாவுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "டிப்ளோமா என்றால் பட்டயம். டிகிரிக்குக் கீழே. எத்தனையாம் மட்டம்? பதிவு இலக்கம் என்ன?" அவர் ஒருதரம் வாய்விட்டு வாசித்தார். அடுத்த நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு மட்டக்குளிக்குப் போனார்.