சூடு ஏறினால் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்

காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும் கார், ஒரு மணி நேரம் ஓடிவிட்டுக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் மட்டும் செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. மெக்கானிக் வருவதற்குள் ஆறிப்போய் ஒழுங்காகக் கிளம்பிவிடும். அப்புறம் பேட்டரி, பிளக், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) என்று யூகத்தில் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் சோதித்தால்தான் இதைப் பிடிக்க முடியும்.

எஞ்சினை அணைத்ததும் பானட்டுக்குள் சூடு குறையாது, கூடும். தண்ணீர் பம்ப் நின்றுவிடுகிறது, எதிர்க்காற்றும் இல்லை, இரும்பில் தேங்கிய சூடு சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை, அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய பத்மினி, அம்பாசிடரில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரும் பக்கத்தில்தான். இதனால் நேரெதிரான இரண்டு கோளாறுகள் வரலாம். பம்புக்குள் ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோலே வராமல் போகலாம் (பம்ப் மேல் ஈரத்துணி போடுவார்களே, அது இதற்குத்தான்). அல்லது கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது கொதித்து ஜெட் என்ற நுண்துளை வழியாக வழிந்து, எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுதியாகிவிடலாம்.

எது என்று பார்ப்பது எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிவரை ஒருமுறை இழுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. மெல்லிய பீச்சல் தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பீச்சலே இல்லையென்றால் கிண்ணம் காலி, பம்பையும் குழாயையும் பாருங்கள். உள்ளே ஈரமாக, நெடி தூக்கலாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. அப்போது சோக்கை (குளிரில் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மூடியை) தொடாமல், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் இறங்கும். இது அடிக்கடி நடந்தால் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் மிதவையின் ஊசி வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் சரி என்றால் கரண்ட். காயிலும், அதோடு வேலை செய்யும் சிறு மின்தேக்கியான கண்டன்சரும் சூட்டில் மட்டும் செத்துப்போகும், ஆறியதும் உயிர் வந்துவிடும். அதனால் ஆறிய பிறகு மீட்டர் வைத்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. சூட்டோடு, கார்புரேட்டரிலிருந்து தள்ளி ஒரு பிளக்கை அதன் வயரோடு எர்த்தில் (எஞ்சின் இரும்பில்) வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள், பொறி நீலமாகப் பளிச்சென்று வர வேண்டும். மஞ்சளாக, மங்கலாக வந்தால் காயில் பக்கம் போகலாம். செல்ஃபே மெதுவாகச் சுற்றினால் எர்த் கேபிளும் மோட்டார் பிரஷும்தான் முதலில்.

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் கார்களில் வேறு கதை. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பம்ப் ஓடி நிற்கும்வரை விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறதா? அப்படியானால் குழாயில் பிரஷர் நிற்கவில்லை, பம்பின் செக் வால்வோ (பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுப்பது) இன்ஜெக்டரோ கசிகிறது. அதுவும் இல்லையென்றால் கூலன்ட் வெப்ப சென்சார். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று அது பொய் சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். ஸ்கேனரில் அது காட்டும் டிகிரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.