எல்லைக் கயிற்றோரம் அமரும் பிள்ளைகள்

திங்கட்கிழமை காலையில் கண் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் ஒருசாராரை, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தியபடி ஒரு பிள்ளை, பக்கத்தில் இரவெல்லாம் உறங்காத ஒரு தகப்பன். முதல்நாள் எங்கோ ஒரு மைதானத்தில், டென்னிஸ் பந்தால் ஆடும் மென்பந்துத் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி நடந்திருக்கும். பிள்ளை அதில் விளையாடியிருக்க மாட்டான், கயிற்றோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

திருகோணமலையில் கண் வைத்தியராகப் பணிபுரியும் எனக்கு, ஆடுகளத்தில் அடிபட்டு வருகிற இளைஞர்களைவிட இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் மனம் அதிகம் கனக்கிறது. ஆடுகிறவனுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். கயிற்றோரம் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

11 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தாடையை நுண்ணோக்கி விளக்கின் தாங்கியில் வைக்கச் சொல்லி, இமையை மெதுவாகத் திறந்து ஒளிக்கீற்றைச் செலுத்தினேன். கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்துக்குப் பின்னால், கண்மணியைச் சுற்றிய நிற வளையமான கதிராளியின் அடிப்பாகத்தை மறைத்துக்கொண்டு, கோப்பையின் அடியில் தேயிலைச் சக்கை படிந்திருப்பதுபோல் இரத்தம் தேங்கி நின்றது. அதன் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் நேராக இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே சிவப்புத் துணிக்கைகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. “தம்பி, படுத்தால் எப்படித் தெரிகிறது?” என்று கேட்டேன். “எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது” என்றான். நிமிர்ந்து இருக்கும்போது அடியில் தங்கும் இரத்தம், படுத்தவுடன் பரவிக் கண்மணியை மூடிவிடுகிறது.

“மென்பந்துதானே டொக்டர்? கொஞ்சம் சிவந்திருந்தது. காலையில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்” என்றார் தகப்பன். சற்று நேரம் கழித்து, குரல் தாழ்த்தி, “பெரியவர்கள் மறைக்கிறார்கள் என்று அழுதான். நான்தான் கூட்டிக்கொண்டு போய் முன்னுக்கு இருத்தினேன்” என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இரண்டாவது வாக்கியம்தான். நம் ஊரில் எந்தப் போட்டிக்குப் போனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு முன்னால் அனுப்புவோம். அது நல்ல பழக்கம், அன்பினால் வந்த பழக்கம். ஆனால் அந்த அன்பு, கூட்டத்திலேயே மிகச் சிறியவர்களை, மிக மெதுவாக விலகக் கூடியவர்களை, பந்துக்கு மிக அருகில் கொண்டுபோய் வைக்கிறது. பிள்ளை முன்னால் இருக்கட்டும். அந்த முன்வரிசை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

மென்பந்தைப் பற்றிய நம்பிக்கையை முதலில் திருத்திக்கொள்வோம். கடினப்பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை, டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை. எடையை மட்டும் பார்த்தால் மென்பந்து விளையாட்டுச் சாமான்போலத்தான் தெரியும். ஆனால் கண் ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கிறது. அந்தக் குழியின் வாய் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அகலம், மூன்றரை சென்ரிமீற்றர் உயரம். 7 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள கடினப்பந்து வந்தால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியின் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்கின்றன. கடினப்பந்து பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. அது எலும்பையும் உடைக்கும், கண்ணையும் கிழிக்கும். மென்பந்து செய்வது வேறு வேலை. எலும்பில் பட்டதும் நசுங்கிக் குழிக்குள் புகுந்து, கண்ணைப் பின்னோக்கி அழுத்துகிறது. முன்னும் பின்னும் அழுந்திய விழி பக்கவாட்டில் விரிகிறது. அந்த விரிவில் கதிராளியின் வேர் கிழிந்து இரத்தம் கசிகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) இடம் பெயரலாம், விழித்திரை கிழியலாம். சில பிள்ளைகளுக்குக் குழியின் அடித்தளத்து மெல்லிய எலும்பு வெடித்து, கண்ணை அசைக்கும் தசை அந்த வெடிப்பில் சிக்கிக்கொள்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் கண் வெளிப்பார்வைக்கு அதிகம் சிவந்துகூட இருக்காது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் பார்க்க முடியாது, இரண்டிரண்டாகத் தெரியும், வாந்தி எடுப்பான். அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை.

கொல்ஃப் பந்து இன்னும் சிறியது, விட்டம் 4.27 சென்ரிமீற்றர்தான். 2018இல் பாரிசுக்கு அருகே நடந்த ரைடர் கிண்ணப் போட்டியில், பார்வையாளராக நின்றிருந்த ஒரு பெண்ணின் வலது கண்ணில் அது பட்டுப் பார்வை போயிற்று. உலகின் முதல்தர ஆட்டக்காரர்களில் ஒருவர் அடித்த பந்து அது. அடிப்பவரின் திறமை பார்வையாளருக்குக் காப்பு ஆகாது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் மட்டையிலிருந்து புறப்படும் பந்து விநாடிக்கு 25 மீற்றர் போகிறது. எங்கள் பக்கத்து மென்பந்து மைதானங்களில் 30 மீற்றரில் கயிறு போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றுத் தடை வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், கயிற்றோரத்துக்குப் பந்து வந்துசேர ஒன்றரை விநாடிதான். பந்து தன்னை நோக்கித்தான் வருகிறது என்று உணர்ந்து, தலையைத் திருப்பி, கையை உயர்த்துவதற்குப் பெரியவர்களுக்கே அந்த நேரம் சரியாக இருக்கும். ஐஸ்பழக்காரரின் மணியோசைக்குத் திரும்பிய பிள்ளைக்கு அது போதவே போதாது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் அப்படித்தான். திரையில் பந்து புள்ளியாகத்தான் தெரியும், எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்பது தெரியாது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால், உயர்ந்து போன பந்து கடற்பக்கமாக இழுபடும். ஆட்டக்காரர்கள் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பிடியெடுக்கிறார்கள். பார்வையாளர்களுக்குக் கதிரை போடுகிறவர்கள் அதை யோசிப்பதில்லை. நிழலைப் பார்க்கிறார்கள், ஒலிபெருக்கி வயர் எட்டும் தூரத்தைப் பார்க்கிறார்கள், கதிரையை வைக்கிறார்கள்.

மைதானத்தில் எல்லா இடமும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. விக்கெட் காப்பாளருக்குப் பின்னால், பந்து சுழல்வது தெளிவாகத் தெரியும் என்று சிலர் சில மீற்றர் தூரத்திலேயே அமர்ந்துவிடுகிறார்கள். மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் பந்து, முழுவேகத்தோடும் யாரும் எதிர்பாராத கோணத்திலும் போவது அங்கேதான். வலக்கைத் துடுப்பாட்டக்காரர் இழுத்து அடிக்கும் பக்கம் இரண்டாவது. உதைபந்தாட்டத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், வலை கிழிந்திருந்தாலும் நிற்பார்கள். உதைபந்து பெரியதுதானே, கண்ணுக்குள் போகாதே என்பார்கள். அதுவும் அழுந்திப் புடைத்துக் குழிக்குள் ஓரளவு புகுகிறது. பாடசாலை இல்ல மெய்வல்லுனர் போட்டிகளில் ஈட்டியும் பரிதிவட்டமும் எறியும் பக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: ஈட்டி விழ வேண்டிய வலயம் 28.96 பாகை, பரிதிவட்டத்துக்கு 34.92 பாகை என்று விதி இருக்கிறது. கை வழுக்கிய பிள்ளையின் எறிதல் அந்த விதிக்குள் நிற்காது. அதனால் கோட்டுக்கு வெளியே என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல.

தலையில் அடிபட்டவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் பனி ஹொக்கி பார்க்கப் போன 13 வயதுச் சிறுமியின் தலையில், ‘பக்’ எனப்படும் கடினமான றப்பர் வட்டு வந்து தாக்கியது. அவள் தன் காலாலேயே நடந்து முதலுதவி நிலையத்துக்குப் போனாள். தலை சட்டெனப் பின்னோக்கிச் சாய்ந்ததில் கழுத்தின் இரத்தக் குழாய் கிழிந்திருந்தது. இரண்டு நாளில் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான், 2002-03 பருவத்திலிருந்து, அந்தப் போட்டியை நடத்திய தேசிய ஹொக்கி லீக்கின் எல்லா அரங்குகளிலும் இரு முனைகளிலும் பார்வையாளருக்கு முன்னால் வலை கட்டுவது கட்டாயமானது. 1970இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனுக்கும் இதே கதை. அடிபட்ட பிறகும் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தான், சில நாட்களில் உயிர் போயிற்று. ‘எழுந்து நடந்தான், பேசினான், ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் ஏற்பாட்டாளர்கள் இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஓரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு 8 வயது. வலையால் காரை நிறுத்த முடியாது, அங்கே தூரமும் உறுதியான தடுப்பும்தான் மருந்து. ஆனால் பெரியவர்கள் நிற்கிற இடம் பாதுகாப்பானது என்று நம்பி ஒரு பிள்ளை நிற்பது, தியத்தலாவையிலும் இங்கேயும் ஒன்றுதான்.

சர்வதேச ஆண்கள் துடுப்பாட்டத்தில் எல்லைக் கயிறு, ஆடுகளத்தின் நடுவிலிருந்து 59.43 மீற்றருக்குக் குறையக் கூடாது. கயிற்றுக்கும் வெளித் தடுப்புக்கும் இடையே குறைந்தது 2.74 மீற்றர் இடைவெளி வேண்டும். நம் கடற்கரை வெளிகளிலும் கோயில் வீதிகளிலும் அவ்வளவு இடம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இடம் இல்லாவிட்டால் எல்லையைச் சுருக்குவது தவறல்ல. எல்லையைச் சுருக்கிவிட்டுக் கதிரைகளையும் கூடவே இழுத்துவருவதுதான் தவறு. பந்தைத் துரத்தி ஓடிவரும் களத்தடுப்பாளர் நிற்க முடியாமல் கதிரைகளுக்குள் விழுந்து, மடியிலிருந்த குழந்தையோடு ஒரு தாய் சரிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வலைக்கு நம் ஊரில் பஞ்சமா? ஒரு விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள், நான் சொன்னதைக் கேட்டு, வாடியிலிருந்து பழைய கரைவலைத் துண்டொன்றை எடுத்துவந்து, பார்வையாளர் பக்கத்தில் கம்பு நட்டு இறுக்கிக் கட்டினார்கள். அந்த வழியால் வந்த வயதான மீனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “தம்பிமார், இறுக்கினால் பந்து துள்ளித் திரும்பும், இல்லாவிட்டால் அறுத்துக்கொண்டு போகும். தளர விடுங்கள், வலை வாங்கிக்கொள்ளும்” என்றார். அவிழ்த்துத் தளரக் கட்டினார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. தளர்ந்த வலை பந்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. ஆனால் அது பின்னோக்கிக் குழிந்துதான் அந்த வேலையைச் செய்கிறது. எனவே வலையோடு ஒட்டிக் கதிரை போட்டால் பந்து வலையோடு சேர்ந்தே முகத்தில் விழும். ஒரு மீற்றராவது விட்டுத்தான் அமர வேண்டும். வெயிலில் கிடந்து உக்கிய நைலோன் உதவாது, இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கண்ணி பந்தைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும்.

இனி, அடிபட்டுவிட்டால் செய்ய வேண்டியது. கண்ணைக் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, ஐஸ் கட்டியை விழியின் மேல் வைத்து அமுக்கவும் கூடாது. தாய்ப்பால் விடுவது இன்றும் நடக்கிறது. அன்போடு செய்கிற அம்மாமாரிடம் கைகூப்பிக் கேட்கிறேன், கிழிந்த கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, அதன் விளிம்பு புருவத்திலும் கன்னத்திலும் மட்டும் படும்படி கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். அது போதுமான கவசம். தலையைச் சற்று உயர்த்தி வைத்தபடி, அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடு கொடுக்காதீர்கள். வலிக்கு அஸ்பிரினோ இபுபுரோஃபெனோ வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டக் கூடும். பரசிற்றமோல், அதுவும் பிள்ளையின் எடைக்கேற்ற அளவில், போதும்.

இரத்தம் வடிந்து கண் வெளுத்த பிறகும் கதை முடிவதில்லை. முதல் சில நாட்களுக்குள், குறிப்பாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, மீண்டும் இரத்தம் கசியலாம். இரண்டாவது கசிவு முதலாவதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. பிள்ளை துள்ளி விளையாடத் தொடங்கும் நாட்களும் அவைதான். கதிராளியின் வேர் கிழிந்த கண்ணில் பல வருடங்கள் கழித்துக்கூட அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வையை அரித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வருடம் வந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கண்முன் திடீரெனக் கொசுக் கூட்டம் பறப்பதுபோலவோ, மின்னல் வெட்டுவதுபோலவோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால், அடி எப்போது பட்டிருந்தாலும் அன்றே வர வேண்டும்.

அந்த 11 வயதுப் பையன் இப்போதும் வருடந்தோறும் வருகிறான், தகப்பன் ஒரு வருடத்தையும் தவறவிடவில்லை. பார்வை ஓரளவு மீண்டிருக்கிறது, முழுவதும் மீளவில்லை.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு ஆயத்தமாகும் கழகங்கள், முந்திய நாள் மாலையில் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்க்க என்னை அழைத்தால், கடமை நேரம் இல்லாத எந்த நாளிலும் வருகிறேன். கதிரைகளை இறக்குவதற்கு முன்பே அழையுங்கள். போட்டு முடித்த கதிரையை நகர்த்த யாருக்கும் மனம் வருவதில்லை.