பட்டினி கிடக்கும் பெண்ணுக்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள்

அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடும் என்று பயந்து சாப்பாட்டையே ஒதுக்கும் நோய், வந்த பிள்ளைகள் மனநல மருத்துவர்களான எங்களிடம் நேராக வருவதில்லை. மாதவிலக்கு நின்றுவிட்டது, முடி கொட்டுகிறது, மயக்கம் வருகிறது என்று ஒவ்வொரு டாக்டராகப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். சித்திரை வெயிலிலும் பெண் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். ஒரே இட்லியைப் பொடிப்பொடியாகப் பிய்த்து முக்கால் மணி நேரம் சாப்பிடுகிறாள், ஆனால் தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள் என்பார் அம்மா. "எல்லாம் கொழுப்பு டாக்டர்" என்பார் அப்பா.

கொழுப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எடை கூடிவிடும் என்ற பயம் எதுவும் இல்லாத அவர்களுக்கும் குளிர் தாங்கவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதாவது, நோயில் நாம் பார்க்கும் விசித்திரங்களில் பல பட்டினியின் வேலை. அதனால்தான் அனோரெக்சியாவுக்கு முதல் மருந்து சாப்பாடு. அதைக் குணப்படுத்தும் மாத்திரை என்று ஒன்று கிடையாது.

ஆனால் மிகவும் இளைத்துப் போனவர்களுக்கு வீட்டிலேயே ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சடாரென்று இறங்கி இதயமே தடுமாறலாம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே படிப்படியாகத்தான் கூட்டுவோம்.

பதின்பருவத்தினருக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் முடிவு செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், கெஞ்சாமல், தட்டு காலியாகும்வரை இருப்பார்கள். எடை ஏற ஏற அந்தப் பொறுப்பு பிள்ளையிடமே திரும்பும். (கல்யாண வீட்டில் "என்ன, ஒரு சுத்து பெருத்துட்டே?" என்று கேட்பதைச் சொந்தக்காரர்கள் நிறுத்தினால் எங்கள் வேலை பாதியாகும்.)

சாப்பிட்டதை விரலை விட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் புலிமியா என்ற நோய் இன்னும் கள்ளத்தனமானது, ஏனென்றால் எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு உடனே பாத்ரூமுக்குப் போவது, விரல் முட்டியில் காய்ப்பு, பல் எனாமல் கரைவது: இவைதான் தடயங்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரையும் உதவும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி, யாரிடம் காட்டுவது என்றே தெரியவில்லையா? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.