நீலப் பாக்கெட்டா, பச்சைப் பாக்கெட்டா?

கண்புரை அறுவை முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும், பலர் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். எழுத்து தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம். ஓர் அம்மா வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை அடித்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்டார். சுவர் பழைய சுவர்தான். ஆவின் பச்சைப் பாக்கெட் வாங்கச் சொன்னால் நீலப் பாக்கெட்டோடு வந்து நின்று, மருமகளிடம் இரண்டு வருடம் வாதாடியவர் அவர். ஒருநாளும் அதைக் கண் கோளாறு என்று நினைத்ததில்லை.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. மஞ்சள் கண்ணாடி நீல ஒளியைத்தான் முதலில் தடுக்கும். கருநீலம் கறுப்பாகிவிடும், வெளிர்நீலம் சாம்பலாகவோ பச்சையாகவோ தெரியும். மஞ்சளித்த வேட்டியைச் சொட்டு நீலத்தில் அலசி வெளுப்பாகக் காட்டலாம். கண்ணுக்கு அப்படியொரு சொட்டு கிடையாது. புரையைக் கரைப்பதாகச் சொல்லி யார் எந்தச் சொட்டு மருந்தை விற்றாலும் வாங்காதீர்கள்.

இந்த மாற்றம் ஏன் தெரிவதில்லை? குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தாலும் செல்போன் கேமரா வெள்ளைத் தாளைக் கூடியவரை வெள்ளையாகவே காட்டப் பார்க்கும். மஞ்சளைத் தானே கழித்துக்கொள்ளும். மூளையும் அதே கணக்கைப் போடுகிறது, ஆண்டுக்கணக்கில், நம்மைக் கேட்காமல். அதனால்தான் "எனக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரிகிறது" என்று சொல்பவரின் பேச்சை நான் முழுதாக நம்புவதில்லை.

போன வருடம் ஒரு மாதம், நாளுக்கு ஒரு நீலம் என்று போனில் படமெடுத்து வந்தேன். விளையாட்டாகத் தொடங்கியதுதான். முதல் நாலு நாள் தார்ப்பாய், பிளாஸ்டிக் குடம், டிரம் என்று ஓடிவிட்டது. பிறகு தேட வேண்டியிருந்தது. வேலியில் சங்குப்பூ, கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, போலீஸ்காரரின் துவைத்து வெளிறிய கைக்குட்டை. அந்தி மங்கிய பிறகு பத்து நிமிடம் தெருவே நீலமாகிவிடுகிறது. அதற்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை. (கேமராவில் நிறத்தைத் திருத்தும் 'வொயிட் பேலன்ஸ்' அமைப்பைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி வையுங்கள். தானாகத் திருத்திக்கொள்ள விட்டால் அந்த நீலம் போய்விடும்.)

இப்போது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன்: ஒரு வாரம், தினம் ஒரு நீலம். பேரப்பிள்ளைதான் நீதிபதி. இது மருத்துவப் பரிசோதனை அல்ல. ஆனால் வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கும். படமெடுத்த பொருளை வலக்கண்ணால் ஒருமுறை, இடக்கண்ணால் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன். இரண்டிலும் நிறம் வேறுவேறாகத் தெரிந்தால் வந்து காட்டிவிடுவது நல்லது. இளம் வயதினருக்குத் திடீரென ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் அது வேறு கதை. பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். நாள் கடத்தக் கூடாது.

அறுவைக்குப் பிறகு சில வாரம் எல்லாமே நீலம் பாய்ந்தாற்போல் தெரிவதாகச் சிலர் பயந்து வருவார்கள். ஓவியர் கிளாட் மோனே 1923-இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டு, இதே குறையைச் சொல்லிப் புலம்பினார். அன்று புரையான லென்ஸை எடுப்பதோடு சரி. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதை கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி லண்டனில் தொடங்கியது 1949-இல்தான். பயந்து வருபவர்களுக்கு நான் சொல்வது: மூளை புதிய கணக்குக்குப் பழகியதும் அந்த நீலம் தணிந்துவிடும்.

போன வாரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஏழு படங்களோடு வந்தார். ஐந்து நீலம், ஒன்று பாசிப் பச்சை வாளி. ஏழாவது அவருடைய சொந்தக் குடை. கடையில் கருநீலம் என்று கேட்டு வாங்கியதாம். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடை சுத்தக் கறுப்பு. செவ்வாய்க்கிழமை அவருக்கு அறுவை.