வானம் தோண்டும்போது பானை ஓடு வந்தால் நிலம் போய்விடுமா?

வீடு கட்ட வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது கருப்பும் சிவப்புமாகப் பானை ஓடு வருகிறது, இல்லையென்றால் மண்வெட்டி ஒரு தாழியின் விளிம்பில் தட்டுகிறது. நம்ம குமரி மாவட்டத்தில் பெரும்பாலும் அடுத்து நடப்பது இதுதான்: ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்து மூடிவிடுகிறார்கள். "வெளியே தெரிஞ்சா நிலம் போயிரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தப் பேச்சை நம்பி வழக்கில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பொருள் கிடைத்தது என்பதற்காகப் பட்டா மாறாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க மத்திய அரசு முதலில் அறிவிக்கை வெளியிட வேண்டும். ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதம் உண்டு. அறிவித்த பிறகும், தனியாகக் கையகப்படுத்தாதவரை நிலம் உங்களுடையதுதான். மூடி மறைப்பதில்தான் ஆபத்து.

நம்ம ஊரில் இது அபூர்வமும் இல்லை. 9-ஆம் நூற்றாண்டிலேயே ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கிப் பார்த்திவபுரத்தில் கோயில் கட்டிய செய்தி செப்பேட்டில் இருக்கிறது. நாம் வீடு கட்டும் விளைகளும் (தோட்டங்களும்) வயல்களும் அத்தனை பழையவை.

இப்படிக் கிடைக்கும் பொருளுக்கான சட்டம் 1878-இல் வந்த புதையல் சட்டம். மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை யாரும் மாற்றவில்லை, ஆகவே பழைய விளக்கோ காசோ எது வந்தாலும் இதற்குள் அடக்கம். தெரிவிக்காவிட்டால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, கிடைக்க வேண்டிய பங்கும் அரசுக்குப் போகும். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை.

முதல் பொறி, வாயால் சொல்வது. எனக்குத் தெரிந்த ஒருவர் வெண்கல விளக்கு கிடைத்த அன்றே கிராம அலுவலகத்தில் போய்ச் சொன்னார். "சரி, பார்க்கலாம்" என்றார்கள். அந்த அலுவலர் மாறிப்போனார், அடுத்து வந்தவரிடம் ஒரு பதிவும் இல்லை. கடைசியில் போலீஸ் கேட்டது, "ஏன் மறைச்சீங்க?" என்று. ஒழுங்காகப் போய்ச் சொன்ன மனுஷனுக்கு இந்த நிலை.

எனவே மனு எழுதுங்கள். சர்வே எண், கிடைத்த தேதி, இடம், பொருள் என்ன, எத்தனை, யார் கையில் கிடைத்தது, இவ்வளவு போதும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "தாசில்தாரிடம் போங்க", "தொல்லியல் துறைக்குப் போங்க" என்று அலையவிடுவார்கள். சட்டம் சொல்வது ஆட்சியரைத்தான். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள், அல்லது திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைத்தால் அதற்கும் ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், அவர் எந்தச் சீருடையில் வந்தாலும். தாழியை மட்டும் இழுத்து எடுக்கப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடும். பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, அந்த இடத்தை அப்படியே விடுங்கள்.

அடுத்த பொறி பலருக்குத் தெரியாது. முந்தைய உடைமையாளர் என்று யாரும் நிரூபிக்காவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. கண்டெடுத்தவர் என்றால் ஜேசிபி ஓட்டுநராகக்கூட இருக்கலாம். முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால் அதன்படிதான் பிரிப்பு. ஆகவே வேலை தொடங்கும் முன் கொத்தனாரிடமும் ஜேசிபிக்காரரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அரசு எடுத்துக்கொண்டால் கிடைப்பது பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். கோடி என்று சொல்லும் தரகரைப் படியேற்றாதீர்கள்.

உரிமை கோருவோரை ஆட்சியர் விசாரிக்கும் நாள், அறிவிப்புக்குப் பின் 4 முதல் 6 மாதத்துக்குள் வரும். அது பொருளுக்கான விசாரணை. உங்கள் வீட்டு வேலையை ஆறு மாதம் நிறுத்தச் சொல்லி யாராவது வாய்மொழியாக மிரட்டினால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அந்த விசாரணையில் நிலம் உங்களுடையது என்று காட்ட வேண்டும். இங்கேதான் குமரிக்காரர்கள் தடுமாறுகிறார்கள். பட்டா தாத்தா பேரில், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய ஆதாரம் மலையாளத்தில். இப்போதே மொழிபெயர்த்து, வாரிசுச் சான்றிதழும் எடுத்து வையுங்கள்.

மத்தியத் தொல்லியல் துறை உங்கள் வயலில் குழி போட்டால், விளைச்சல் இழப்புக்கும் சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. ஆனால் அடங்கலை (கிராமப் பயிர்ப் பதிவேட்டை) பார்த்துத்தான் கணக்கு. வயலில் மட்டி வாழை குலை தள்ளி நிற்கும், அடங்கலில் 'தரிசு' என்று இருக்கும். அவர்கள் உள்ளே கால் வைக்கும் முன் அதைத் திருத்துங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து, மூடும்போது மேலேயே போட வேண்டும் என்பதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சிதறால் மலை, வட்டக்கோட்டை பக்கம் கட்டுபவர்களுக்கு விதி வேறு. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். கோட்டைச் சுவரிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து ஏமாறாதீர்கள், எல்லை அதற்கு வெளியே இருக்கலாம். பஞ்சாயத்து பிளான் அப்ரூவல் இந்த அனுமதிக்கு ஈடாகாது, மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரி அதை 15 நாளில் மேலே அனுப்ப வேண்டும், தேசிய நினைவுச்சின்ன ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும், அடுத்த 1 மாதத்தில் முடிவு. கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் கட்டத் தொடங்காதீர்கள், பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போட்டு, கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்று கேளுங்கள். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அது 16.6.1992-க்கு முன்பே இருந்தது என்று காட்ட அந்தக் காலத்து வீட்டுவரி ரசீதையும் கரண்ட் பில்லையும் தேடி எடுத்து வையுங்கள்.